மூடுபனியில் மோட்டார் விளக்கு

இரவிலே மலைப்பாதையில் வண்டி செலுத்துவோர்க்குப் பகை இரண்டு. ஒன்று இருள், மற்றொன்று மூடுபனி. இவ்விரண்டினுள் மூடுபனியே கொடியது. இருள் ஒளியைக் கண்டதும் விலகும். மூடுபனியோ ஒளியைக் கண்டதும் வெண்சுவர்போல் எழுந்து நிற்கும். எவ்வளவு வலிமை வாய்ந்த விளக்கை ஏற்றுகின்றோமோ அவ்வளவுக்கு அச்சுவரும் வெளுப்பாகும்.

கீழைக் கரையிலே காரைதீவு, சாய்ந்தமருது, நிந்தவூர், கல்முனை முதலிய ஊர்களில் வாழ்வோர் மூடுபனியைத் தம் ஊரில் அதிகம் காண்பதில்லை. அங்குள்ளது கடற்காற்றும் வயற்காற்றுமே. ஆயினும் அவ்வூர்களின் நெல்லும் கருவாடும் மருதமுனையின் நெசவுத் துணியும் மலைநாட்டுக்குச் செல்லவேண்டியுள்ளன. காரைதீவிலிருந்து மேற்கே சம்மாந்துறை, அம்பாறை, மகா ஓயா வழியாக மகியங்கனையை அடைந்து, அங்கிருந்து பதினெட்டு வளைவுகளில் ஏறிக் கண்டிக்குச் செல்லும் வழி ஒன்று. தெற்கே பொத்துவில் சென்று, மொனராகலை, வெல்லவாய கடந்து, பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் ஏறும் வழி மற்றொன்று. வெயிலிலே புறப்பட்ட வண்டி மாலையில் மலையேறும்போது பனிப்படலத்துள் நுழைகின்றது. ஆகவேதான் சமவெளி ஊர்களின் வண்டிகளிலும் மூடுபனி விளக்குகளைப் புதிதாகப் பொருத்தும் வழக்கம் உண்டாயிற்று.

பொருத்துவது எளிது; பொருத்தியபின் தோன்றும் தொல்லைகளே பல. புது விளக்கு மங்கி எரியும், உருகி எரிந்துபோகும், ஆளி சூடேறும், பற்றரி வலுவிழக்கும். பலரும் குற்றத்தை விளக்கின்மீதே சுமத்தி மின்குமிழை மாற்றுவர். குற்றம் பெரும்பாலும் விளக்கிலன்று, விளக்குக்குச் செல்லும் வழியிலேயே இருக்கின்றது. இவ்வுண்மையை விளங்கிக்கொள்வதற்கு மோட்டார் விளக்கின் வரலாற்றைவிடச் சிறந்த ஆசான் இல்லை.

முதன்முதல் ஓடிய மோட்டார் வண்டிகளில் மின்விளக்கு வழக்கத்திலில்லை. குதிரை வண்டியின் எண்ணெய் விளக்குகளே அவற்றிலும் தொங்கின. 1892ஆம் ஆண்டில் தோமஸ் வில்சன் என்பவர் அமெரிக்காவிலே கல்சியம் காபைட்டை மலிவாக ஆக்கும் வழியைக் கண்டார். காபைட்டுக் கல்லின்மீது நீர் சொட்டுமாயின் அசற்றலீன் வாயு எழும். அவ்வாயு வெண்சுடராக எரியும். இதனால் அசற்றலீன் விளக்குகள் மோட்டார் வண்டியின் கண்களாயின. வண்டிக்காரன் இறங்கி, நீர்க்குழாயைத் திறந்து, தீக்குச்சி கொண்டு ஒவ்வொரு விளக்கையும் ஏற்றவேண்டும். மழை நனைத்தது, காற்று அணைத்தது, சுண்ணச்சேறு குழாயை அடைத்தது. ஆனால் ஒரு நன்மை இருந்தது. விளக்கு அணைந்தால் அதன் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது.

மின்சாரம் வந்ததும் காரணம் மறைந்தது. இயக்கத்தால் மின்னை ஆக்கலாம் என்பதை மைக்கல் பரடே 1831இலேயே காட்டியிருந்தார். இலங்கையிலே 1895ஆம் ஆண்டில் கொழும்புக் கோட்டையில் மின்விளக்கு எரிந்தது. ஆயினும் ஓடும் வண்டியில் மின்னை ஆக்கிச் சேமிப்பது வேறு கலை. சார்ள்ஸ் கெற்றரிங் வகுத்த முறையின்படி 1912ஆம் ஆண்டின் கடிலாக் வண்டியில் தொடக்கி, எரிபற்றல், விளக்கு ஆகிய மூன்றும் ஒரே மின்தொகுதியாக அமைந்தன. உலகெங்கும் பரவிய போர்ட் நிறுவனத்தின் ரி மாதிரி வண்டி 1915இல் மின் முன்விளக்குகளைப் பெற்றது. அவ்விளக்குகளுக்குப் பற்றரி இல்லை. இயந்திரத்தோடு சுழன்ற காந்தப் பொறியே மின் கொடுத்தது. எனவே வண்டி விரைந்தால் விளக்கு ஒளிர்ந்தது. மெதுவாகச் சென்றால் மங்கிற்று. இருளிலே வேகத்தைத் தணிக்கவேண்டிய இடத்திலெல்லாம் வழி மறைந்தது. இரு விளக்குகளும் ஒரே தொடராக இணைக்கப்பட்டிருந்தமையால் ஒன்று பழுதுற்றால் மற்றதும் அணைந்தது.

இக்குறைக்கு மருந்தாகவே தைனமோவும் பற்றரியும் சேர்ந்த அமைப்பு எங்கும் பரவியது. அது குறையை மறைத்ததேயன்றி முற்றாக ஒழிக்கவில்லை. 1950களிலும் 1960களிலும் இலங்கைத் தெருக்களில் நிறைந்திருந்த மொறிஸ் மைனர், ஒஸ்டின் முதலிய ஆங்கிலேயச் சிறு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். அவற்றின் தைனமோ நல்ல வேகத்தில் ஏறக்குறைய 20 அம்பியர் மின்னோட்டம் தரும். தாழ்த்திய முன்விளக்குகள் இரண்டும் 6 அம்பியர், சிறு விளக்குகள் 2 அம்பியர், எரிபற்றலும் மழைத்துடைப்பானும் சேர்ந்து 6 அம்பியர் அளவு கொள்ளுமாயின் மொத்தம் 14. இனி 48 வாற்று வலுவுடைய மூடுபனி விளக்குகள் இரண்டைச் சேர்ப்போம். இரண்டுக்கும் 96 வாற்று. 12 வோல்ற்றால் வகுத்தால் 8 அம்பியர். மொத்தம் 22 ஆகின்றது. வரவு 20, செலவு 22. பழைய 6 வோல்ற்று வண்டியாயின் அதே விளக்குகளுக்கு 16 அம்பியர் வேண்டும். அங்கே நிலைமை இன்னும் இடர்ப்பாடானது.

இக்கணக்கும் நல்ல வேகத்தில் ஓடும் வண்டிக்கே பொருந்தும். மூடுபனியில் எவரும் விரைந்து செல்வதில்லை. எதிரே வரும் வண்டிக்கு வழிவிட்டு நிற்கும்போதும், இறக்கத்திலே ஊர்ந்து செல்லும்போதும் இயந்திரம் மந்தமாகவே சுழலும். அப்பொழுது தைனமோவிலிருந்து வருவது மிகச் சொற்பம். விளக்கு மிகுதியும் வேண்டப்படும் வேளையே மின்சாரம் மிகக் குறைவாகக் கிடைக்கும் வேளை. மிச்சச் சுமையைப் பற்றரி தாங்குகின்றது. 40 அம்பியர் மணி அளவுள்ள பற்றரி, 20 அம்பியர் வீதம் கொடுத்தால் இரண்டு மணிநேரமும் நிலைக்காது. மலையுச்சியில் நிறுத்திய வண்டி மீண்டும் புறப்பட மறுத்ததன் மருமம் இதுவே.

மூடுபனி விளக்கு வலிமையினால் வெல்வதன்று, அமைப்பினால் வெல்வது. அதன் ஒளி அகன்று, தட்டையாக, மேற்புறம் வெட்டுண்டதுபோல் அமைதல் வேண்டும். தாழ்வாகப் பொருத்திய விளக்கு பாதையின் ஓரத்தையும் அண்மையையும் காட்டும். கண்ணுக்கு நேரேயுள்ள துளிகளிற் பட்டு ஒளி திரும்புவதைக் குறைக்கும். மஞ்சள் ஒளி மூடுபனியை ஊடுருவும் என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. பிரான்சிலே 1930களிலிருந்து 1993 வரை முன்விளக்குகளும் மஞ்சளாகவே இருக்கவேண்டுமென்பது சட்டம். ஆனால் மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியலையின் நீளத்தைவிடப் பன்மடங்கு பெரியன. ஆதலால் அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவிலேயே சிதறச் செய்கின்றன. மஞ்சள் சிலருடைய கண்ணுக்கு இதமளிக்கலாம். பனியை அது துளைப்பதில்லை.

இனி வழியிலுள்ள குற்றங்களைக் காண்போம். யேர்மன் ஆசிரியரான ஓம் 1827இல் வெளியிட்ட விதி இங்கே துணைசெய்யும். மெல்லிய கம்பியிலோ தளர்ந்த இணைப்பிலோ 0.15 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். 8 அம்பியர் அதனூடே செல்லும்போது 1.2 வோல்ற்று அங்கேயே இழக்கப்படுகின்றது. பத்தில் ஒரு பங்கு அழுத்தம் குறைந்தால் இழைவிளக்கின் ஒளி பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். இழந்த ஆற்றல் மறைந்து போவதில்லை. ஏறத்தாழ 10 வாற்று வெப்பமாக அவ்விணைப்பைச் சுடுகின்றது. மங்கிய விளக்கும் கருகிய வயரும் ஒரே நோயின் இரு குறிகள் என்பது இதனாற் புலனாகும்.

இரண்டாவது குற்றம் திரும்பும் வழியில் உள்ளது. மோட்டார் வண்டியில் மின் செல்லுவதற்கே கம்பி உண்டு. திரும்புவது வண்டியின் இரும்புடலின் வழியே. விளக்கின் ஆணி வர்ணப்பூச்சின்மேல் இறுக்கப்பட்டால், அல்லது அடியில் துரு ஏறினால், மின் திரும்ப வழியின்றித் தடுமாறும். சில வேளைகளில் அது பக்கத்து விளக்கின் இழையினூடே வழிதேடும். அப்போது ஒன்றை ஏற்ற மற்றொன்று மினுங்கும். உப்புக்காற்று வீசும் கரையோர ஊர்களில் இந்நோய் மிகுதி. செம்பிலே களிம்பும் இரும்பிலே துருவும் அங்கே விரைவில் ஏறுவதால், வர்ணத்தைச் சுரண்டி, உலோகத்தோடு உலோகம் சேர இறுக்கி, மேலே கிறீஸ் பூசுதல் அவசியமாகும்.

மூன்றாவது, ஆளியின் சுமை. சிறிய ஆளியினூடே 8 அம்பியரைச் செலுத்தினால் அதன் தொடுமுனைகள் கருகும். இதற்கு விடை மோட்டார் வண்டிக்கு முன்னரே பிறந்துவிட்டது. அமெரிக்க ஆசிரியர் யோசப் ஹென்றி 1835இல் ஒரு மின்காந்தத்தைக் கொண்டு மற்றொரு சுற்றை இயக்கிக் காட்டினார். சிறிய மின்னோட்டம் பெரிய மின்னோட்டத்தைத் திறக்கவும் மூடவும் வல்லதாயிற்று. 1844இல் மோர்சின் தந்தி தொலைநகரங்களை இணைத்தபோதும் இக்கருத்தே துணைநின்றது. 1858இல் இலங்கையிலே கொழும்பும் காலியும் தந்தியால் இணைந்தன. அன்று தந்தியை நெடுந்தூரம் கடத்திய றிலே, பின்னாளில் மோட்டார் விளக்கின் காவலனாயிற்று. பற்றரியிலிருந்து தடித்த கம்பி நேரே றிலேக்கும், அங்கிருந்து விளக்குக்கும் செல்லும். வண்டியோட்டி தொடும் ஆளியிலோ றிலேயை விழிக்கச்செய்யும் சிறு மின்னே ஓடும்.

நான்காவது, உருகி. கம்பி எரிவதற்கு முன் தான் உருகி வண்டியைக் காப்பது அதன் கடமை. எனவே அது பற்றரிக்கு அண்மையில் இருத்தல் வேண்டும். பற்றரிக்கும் உருகிக்கும் இடைப்பட்ட கம்பியை அது காப்பதில்லை. அதன் அளவு கம்பி தாங்கக்கூடிய அளவை மிஞ்சலாகாது. உருகி அடிக்கடி எரிகின்றதென்று சிகரெட்டுப் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிவைத்த வண்டிகள் பல. அவ்வாறு செய்வது, குரைக்கின்றதென்று காவல்நாயைக் கொன்றுவிட்டுக் கதவைத் திறந்துவைத்து உறங்குவதற்கு ஒப்பாகும்.

குற்றத்தைத் தேடுவதற்கும் ஒரு முறையுண்டு. பற்றரி, உருகி, றிலே, கம்பி, புவித்தொடுப்பு என்னும் வரிசையில் படிப்படியாகச் செல்லவேண்டும். விளக்கைக் கழற்றிவிட்டுக் கம்பியின் நுனியில் அளந்தால், கெட்ட இணைப்பிலும் 12 வோல்ற்று முழுமையாகக் காட்டும். மின் ஓடாதவிடத்துத் தடை தன் வேலையைக் காட்டுவதில்லை. விளக்கு எரியும்போதே அளக்கவேண்டும். எந்த இரு புள்ளிகளுக்கிடையில் அழுத்தம் வீணே இழக்கப்படுகின்றதோ அங்கேதான் குற்றம். வறண்ட காலத்தில் வாய்க்காலின் உடைப்புத் தெரியாது. நீர் பாயும்போதே தெரியும் என்பதை வயலில் உழைப்போர் அறிவர்.

1960களில் நிலைமை மாறத் தொடங்கிற்று. 1960ஆம் ஆண்டில் கிறைஸ்லர் நிறுவனம் தன் வலியன்ற் வண்டியில், கராச்சுகளில் ஓல்ட்டனேட்டர் எனப்படும் ஆடலோட்டப் பிறப்பாக்கியைப் பொருத்தியது. மந்தமான வேகத்திலும் அது போதிய மின் தந்தது. தைனமோவின் பழைய குறை பெரிதும் தீர்ந்தது. 1962இல் ஐரோப்பாவில் ஹலோஜன் மோட்டார் விளக்கு வந்தது. நேர்முனையை உடலோடு இணைத்திருந்த ஆங்கிலேய வண்டிகள் அப்பத்தாண்டின் பிற்பகுதியில் எதிர்முனைக்கு மாறின. முனை மாற்றிப் பற்றரியை இணைத்தால் புதுப் பிறப்பாக்கியின் இருவாயிகள் நொடியில் அழிந்தன. கைப்பழக்கத்தை மட்டும் நம்பியோர் இதனால் நட்டமடைந்தனர்.

அதன் பின்னும் மாற்றம் நிற்கவில்லை. 1986இல் பொஷ் நிறுவனம், வண்டியின் பல பகுதிகளும் இரண்டே கம்பிகளில் செய்தி பரிமாறும் முறையை அறிமுகஞ்செய்தது. இன்றைய வண்டிகள் பலவற்றில் விளக்கின் ஆளி மின்னை அனுப்புவதில்லை, கட்டளையை அனுப்புகின்றது. கணினி ஒவ்வொரு விளக்கும் எவ்வளவு மின் கொள்கின்றதென அளக்கின்றது. அங்கே ஏதோவொரு கம்பியை வெட்டிப் புது விளக்கை ஒட்டினால், கணினி அதனைப் பழுதெனக் கருதி அச்சுற்றையே அடைத்துவிடலாம். எல்.இ.டி. விளக்கு குறைந்த மின்னையே கொள்வதால் பழைய விளக்கு எரியவில்லை என்று மயங்கவும் கூடும். சுமை குறைந்தது, ஆனால் காரணம் முன்னிலும் ஆழமாக மறைந்தது.

வில்சன் காபைட்டைக் கண்ட அதே 1892ஆம் ஆண்டிலேதான் காரைதீவில் மயில்வாகனம் என்னும் குழந்தை பிறந்தது. பின்னாளில் சுவாமி விபுலாநந்தர் எனப் புகழ்பெற்ற அவர், யாழ் நூலின் ஆசிரியராகவே பலராலும் நினைக்கப்படுகின்றார். அவர் விஞ்ஞானம் கற்று, யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தவர். 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்கப் பணிக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர். தமிழிலே விஞ்ஞானத்தைச் சொல்ல முடியும், சொல்லவேண்டும் என்பது அன்னாரின் உறுதி.

அவ்வுறுதியின் பயன் ஏட்டோடு நின்றுவிடலாகாது. மின்னோட்டம், அழுத்தம், தடை என்னும் மூன்று சொற்களின் பொருளை உணர்ந்த இளைஞன், கராச்சிலே மின்குமிழை மாற்றி மாற்றிப் பொழுதைப் போக்கமாட்டான். இழப்பு எங்கே என்று கேட்பான். அவன் செப்பனிட்ட வண்டி அப்புத்தளைப் பனியில் நுழையும்போது அதனுள் இருப்போரின் உயிர், அவன் சுரண்டித் துடைத்த ஓர் ஆணியையும் அளந்திட்ட ஓர் உருகியையும் நம்பியிருக்கின்றது.