புதுச்சேரி ஆழிப்பேரலை மறுகட்டுமானம்

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே கடலுக்கடியில் நேர்ந்த நிலநடுக்கத்தால் சுனாமி எழுந்து புதுச்சேரிக் கரையைத் தாக்கியது. அதன்பின் வீடு, தொழில், கடற்கரை, எச்சரிக்கை ஏற்பாடு ஆகியவற்றை மீட்டெடுக்க நடந்த பணிகளையே இத்தலைப்பு குறிக்கிறது. ‘நகர மறுகட்டுமானம்’ என்று இதைச் சொல்வது முழுக்கப் பொருந்தாது. பிரெஞ்சுப் பகுதியின் தெருக்கள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. இடிந்தவை மீனவர் குப்பங்கள்.

புதுச்சேரிக்கு நிலநடுக்கம் புதிதல்ல. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்குக் கிழக்கே கடலில் சுமார் 5.5 அளவில் ஒரு நடுக்கம் நேர்ந்தது. சென்னை வரை மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். ஆனால் அன்று கடல் பொங்கவில்லை. மூன்றாண்டு கழித்து, ஞாயிறு காலை 6.29 மணியளவில் 9.1 அளவில் சுமத்ரா நடுங்கியபோது, இரண்டரை மணி நேரத்துக்குள் கடல் ஊருக்குள் வரும் என்று இங்கே யாரும் எண்ணியிருக்க வழியில்லை. புதுச்சேரி ஒன்றியப் பகுதி முழுவதிலும் இறந்தோர் ஏறத்தாழ 600 பேர். பெரும்பாலோர் காரைக்காலைச் சேர்ந்தவர்கள். புதுச்சேரி வட்டாரத்தில் வடக்கே காலாப்பட்டுப் பகுதியும் தெற்கே வீராம்பட்டினம், நல்லவாடு, பன்னித்திட்டு முதலிய ஊர்களும் வீடு, படகு, வலை இழந்தன.

நல்லவாட்டின் ஒலிபெருக்கி

இந்தப் பேரிடரில் தனித்துச் சொல்ல வேண்டிய ஊர் நல்லவாடு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை நடத்திவந்தது. வில்லியனூரில் தலைமை மையம். கடலோர ஊர்களில் கணினியும் ஒலிபெருக்கியும். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயரக் கணிப்பை இறக்கி, தமிழில் மாற்றி, படகு இறங்குமுன் ஒலிபெருக்கிக் குழாயில் அறிவிப்பார்கள். நல்லவாட்டிலும் அத்தகைய மையம் இருந்தது. அன்று காலை சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர்க்காரர் ஒருவர், தொலைக்காட்சியில் செய்தி கண்டு வீட்டுக்குத் தொலைபேசினார். செய்தி மையத்துக்கு எட்டியது, ஒலிபெருக்கி முழங்கியது, ஊர் காலியானது. வீடுகளும் படகுகளும் போயின. உயிர் ஒன்றுகூடப் போகவில்லை. எந்த அரசு எச்சரிக்கையும் வராத அந்தக் காலையில் ஓர் ஊரைக் காப்பாற்றியது, நாள்தோறும் அலை உயரம் சொல்லிச் சொல்லி மக்கள் காதுக்குப் பழகிப்போன ஒரு குழாய்தான்.

தேசிய அளவில் எச்சரிக்கை ஏற்பாடு 2007 அக்டோபரில், ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் அமைந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவு நடுக்கம் நேர்ந்தபோது எச்சரிக்கை உடனே வந்தது. மக்கள் கரையை விட்டு விலகினார்கள். பெரிய அலை ஏதும் எழவில்லை.

வீடும் தொழிலும்

உலக வங்கி 2005 மே மாதம் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமாகச் சேர்த்து 46.5 கோடி டாலர் மதிப்பிலான அவசரகாலச் சுனாமி மறுகட்டுமானத் திட்டத்தை ஏற்றது. தொண்டு நிறுவனங்கள் தனியாகவும் வீடு கட்டின. சிக்கல் பணத்தில் இல்லை, இடத்தில் இருந்தது. 1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்தை அப்போது கட்டுப்பாட்டுக்குள் வைத்திருந்தது. பாதுகாப்புக்கும் உள்ளே தள்ளிப் போவதுதான் நல்லது. ஆனால் மீனவருக்குக் கரை என்பது வேலை செய்யும் இடம். விடியற்காலையில் வாசலில் நின்று கடலைப் பார்த்துத்தான் தொழிலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள். வலையும் இயந்திரமும் கண்பார்வையில் இருக்க வேண்டும். விட்டுக்கொடுத்த மணல் நாளை விடுதிக்காரர் கைக்குப் போகும் என்ற ஐயமும் இருந்தது. அது வீண் ஐயம் என்று இந்தக் கரையைப் பார்த்தவர் சொல்லமாட்டார்.

நிவாரணம் பெரும்பாலும் ஊர்ப் பஞ்சாயத்து வழியாகவே இறங்கியது. குப்பத்தில் அதைவிட வலுவான அமைப்பு கிடையாது. அதில் பெண்கள் இல்லை என்பதுதான் குறை. படகு இழந்தவர் பெயர் முதலில் பட்டியலேறியது, கூடை இழந்த மீன்காரப் பெண்ணின் பெயர் பிறகு. ஆரோவிலின் உபாசனா வடிவமைப்பகம் மறுதிசையிலிருந்து தொடங்கியது. சுற்றுவட்டக் குப்பத்துப் பெண்களைக் கூட்டி, துணித் துண்டுகளால் விரல் நீளப் பொம்மை செய்யப் பழக்கியது. ‘சுனாமிகா’ எனப் பெயர் பெற்ற அந்தப் பொம்மைக்கு விலை கிடையாது; இலவசமாகக் கொடுத்து, வரும் நன்கொடையில் வேலை நடந்தது.

கற்சுவரும் காணாமற்போன மணலும்

நகரம் தப்பியதற்குக் காரணம் கடற்கரைச் சாலையை ஒட்டிய கற்சுவர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் தொடங்கி, கருங்கல் கொட்டிக் கொட்டி வலுப்படுத்தப்பட்டது. 2004இல் அது அலையைத் தாங்கியது உண்மை. ஆனால் அந்தக் கற்குவியலுக்கு இன்னொரு கதை உண்டு. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தேங்கியது. நகரின் மணற்கரை அரித்துப்போக, இன்னும் கல் கொட்டினார்கள். அரிப்பு நகரைத் தாண்டி வைத்திக்குப்பம், சோலைத்தாண்டவன்குப்பம் என ஏறி, தமிழ்நாட்டு எல்லைக்குள் தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி வரை போயிற்று. அங்கே அதைத் தடுக்கத் தூண்டில் வளைவுகள் வந்தன. சுனாமிக்குக் கரை அணைதான் மருந்து என்று சொல்பவர்கள் இந்த வடகரையை ஒருமுறை நடந்து பார்க்கலாம்.

2013இல் உலக வங்கி உதவியுடன் கடலோரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டம் தொடங்கியது. கடற்கரைச் சாலையில் 1870களில் கட்டிய நகராட்சிக் கட்டடமான ‘மேரி’, 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்து விழுந்தபோது, அதைப் பழைய தோற்றத்திலேயே எழுப்ப இத்திட்டத்தின் பணம்தான் கைகொடுத்தது. 2021 பிப்ரவரியில் திறப்பு விழா நடந்தது. சுனாமிக்குத் தப்பிய கட்டடம் மழைக்கு விழுந்து, பேரிடர் நிதியில் எழுந்தது ஒரு வேடிக்கைதான்.

2018இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவ எஃகுத் தடுப்பு ஒன்றை இறக்கியது. அதன் அருகே, தலைமைச் செயலகம் தொட்டுக் காந்தி சிலைப் பக்கமாக, மணல் மீண்டும் சேர்ந்தது. மாலையில் குழந்தைகள் அங்கே விளையாடுகிறார்கள். அதற்கு வடக்கே உள்ள குப்பங்களின் முன்னால் இருப்பது கருங்கல்தான்.