புதுவிசுவாசியும் நம்பத்தக்க திருச்சபையும்: யாழ்ப்பாண வரலாறு காட்டும் சில உண்மைகள்

புதியதொரு சமயத்தைத் தழுவும் ஒருவனை இரண்டு வினாக்கள் எதிர்நோக்குகின்றன. அச்சமயத்தின் கொள்கை மெய்யானதோ என்பது முதலாவது. அக்கொள்கையைப் போதிக்கும் சபையை நம்பித் தன்னையும் தன் குடும்பத்தையும் ஒப்படைக்கலாமோ என்பது இரண்டாவது. முதலாவது வினா இறையியலாளருக்கு உரியது. இரண்டாவது வினாவுக்கு விடை காண்பதற்கு வரலாறே துணைநிற்கும். இவ்வகையில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிறித்தவ வரலாறு ஊன்றி நோக்கத்தக்கது. 1619 ஆம் ஆண்டு தொடக்கம் 1816 ஆம் ஆண்டு வரையுள்ள இரு நூற்றாண்டுகளுக்குள் கத்தோலிக்க திருச்சபையும் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபையும் ஆங்கிலேயர் காலத்துப் புரட்டஸ்தாந்து மிஷன்களும் ஒன்றன்பின் ஒன்றாக இம்மண்ணில் இடம்பெற்றன. தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்த்துக்கேயர் காலத்தில் எழுந்த கோயில்கள் பின்னர் ஒல்லாந்தர் வசமாயின. அவர்களுக்குப் பின் பாழடைந்து கிடந்து, 1816 இல் அமெரிக்க மிஷனரிமாரின் கைக்கு வந்தன. சுவர்கள் அவையே, சபைகள் வேறு. இவற்றுள் எதனை மக்கள் நம்பினர், ஏன் நம்பினர் என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைத் தம் ஆட்சிக்கு உட்படுத்தியபின் பெருந்தொகையான மக்கள் ஞானஸ்நானம் பெற்றனர். அரச அதிகாரத்தின் நிழலில் நிகழ்ந்த இம்மாற்றத்தில் உள்ளத்தின் பங்கு எவ்வளவு, அச்சத்தின் பங்கு எவ்வளவு எனப் பிரித்தறிதல் அரிது. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதும் நிலைமை தலைகீழாயிற்று. கத்தோலிக்க குருமாருக்குப் புகலிடம் அளித்தல் மரண தண்டனைக்குரிய குற்றமென அவ்வாண்டிலேயே கட்டளை பிறந்தது. மக்கள் ஒரே நாளில் ஒரு சபையிலிருந்து மற்றொரு சபைக்கு உரியவராகக் கருதப்பட்டனர்.

ஒல்லாந்தரின் முறை திட்டமிட்டதொன்றாகும். ஒவ்வொரு கோயிற்பற்றிலும் கோயிலும் பள்ளிக்கூடமும் இணைந்திருந்தன. ஞானஸ்நானம், விவாகம் ஆகியவற்றை உபாத்தியாயர் பள்ளித் தோம்பிற் பதிந்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் தண்டப்பணம் செலுத்த நேர்ந்தது. தோம்பிற் பெயரில்லாதவரின் விவாகமும் முதுசொம் உரிமையும் ஐயத்துக்கு இடமாயின. அரச உத்தியோகம் விரும்பியவருக்குச் சீர்திருத்தச் சபையின் ஞானஸ்நானம் இன்றியமையாததாயிற்று. இச்சபையில் உண்மையான பக்தியும் கல்வியும் உடைய போதகர்கள் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்தில் ஊழியம் புரிந்த பிலிப்பு பால்தேயு, மக்களின் மொழியையும் வழக்கங்களையும் அறிய முயன்றவர். அவர் எழுதிய நூல் 1672 இல் அம்ஸ்ரடாமில் வெளிவந்தது. எனினும் போதகர் தொகை மிகக் குறைவு. மக்கள் சபையோடு கொண்டிருந்த தொடர்பு பெரும்பாலும் தோம்போடு கொண்ட தொடர்பாகவே அமைந்தது. 1795 இல் ஒல்லாந்தர் ஆட்சி யாழ்ப்பாணத்தில் முடிவுற்றதும் அதன் விளைவு வெளிப்பட்டது. ஏடுகளில் ஆயிரக்கணக்கிற் பதியப்பட்டிருந்த சபை சில ஆண்டுகளுக்குள் கரைந்து போயிற்று. கட்டாயம் நீங்கியதும் பெரும்பாலோர் தம் முன்னோரின் சைவ வழிபாட்டை வெளிப்படையாகவே மேற்கொண்டனர்.

இதே காலத்திற் தடைசெய்யப்பட்டிருந்த கத்தோலிக்க சபையின் கதை வேறாகும். குருமார் இன்றி ஏறத்தாழ ஒரு தலைமுறை கழிந்தபின், 1687 இற் கோவாவைச் சேர்ந்த யோசேவாஸ் முனிவர் இலங்கைக்கு வந்தார். பிச்சைக்காரர் கோலத்திற் கழுத்திற் செபமாலை அணிந்து வீடு வீடாகச் சென்ற அவர், அம்மாலையைக் கண்டு எவர் முகம் மலர்கின்றதென நோக்கிக் கத்தோலிக்கரை அறிந்துகொண்டார் என்பர். சோதனை இருபாலும் நிகழ்ந்தது. வந்தவர் உண்மையான குருவோ, ஒல்லாந்தரின் ஒற்றரோ எனத் தேர்ந்து தெளியும் பொறுப்பு மக்களுக்கும் இருந்தது. அவரை ஏற்ற வீட்டார் தம் உயிரைப் பணயம் வைத்தே ஏற்றனர். சில்லாலை மக்கள் அவருக்கு ஆதரவு நல்கினர். 1689 இல் நத்தார் இரவு வழிபாட்டுக்குக் கூடியிருந்தோர் பிடிபட்டுத் தண்டிக்கப்பட்டபோதும் அவர்கள் தம் குருவைக் காட்டிக்கொடுக்கவில்லை. பின்னர் கண்டி சென்ற யோசேவாஸ், 1697 இல் ஆங்கு வைசூரி பரவிய வேளையில், உறவினராலும் கைவிடப்பட்ட நோயாளரைச் சமய வேறுபாடு கருதாது பராமரித்தார். 1711 இல் அவர் இறக்குமுன், தடைக்குள்ளாகியிருந்த சபை மீண்டும் உயிர்பெற்றிருந்தது.

குரு ஒருவர் ஆண்டுக்கொரு முறை வருவதே அரிதாயிருந்த அக்காலத்தில் ஊர்தோறும் மூப்பர்களும் அண்ணாவிமாரும் செபம் நடத்தினர். ஆபத்து வேளையிற் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் அளித்தனர். சிறுவருக்கு ஞானோபதேசம் கற்பித்தனர். 1705 இல் வந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். சாங்கோபாங்க சுவாமிகள் எனத் தமிழ்க் கத்தோலிக்கர் போற்றிய அவருடைய வியாகுலப் பிரசங்கம் தலைமுறை தலைமுறையாக வழிபாட்டில் நிலைபெற்றது. ஆகவே புதிதாகச் சேர்ந்தவனுக்குச் சபை என்பது தூரத்து அதிகாரமாகத் தோன்றவில்லை. அயலவரின் முகத்திலும் தன் மொழியிலும் அது அவனுக்குத் தென்பட்டது. 1806 இல் ஆங்கிலேயர் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கியபோது, அச்சபை நிலைத்து நின்ற காரணம் இதுவே.

ஆங்கிலேயர் காலத்து மிஷனரிமார் ஒல்லாந்தரின் அனுபவத்தை மறக்கவில்லை. 1816 இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் பெயரளவிற் கிறித்தவரைச் சேர்ப்பதற்கு அஞ்சினர். சேர விரும்பியோரின் அறிவையும் நடத்தையையும் நெடுநாள் அவதானித்து, வினாவி, அதன்பின்னரே சபையில் ஏற்றுக்கொண்டனர். ஓரூரிலிருந்து வேற்றூர் செல்வோர் நற்சாட்சிப் பத்திரம் பெற்றுச் செல்லுதல் அவர்களது சபை மரபாகும். புதுவிசுவாசி வழிதவறாமல் மற்றொரு சபையைச் சென்றடைவதற்கு அது உதவியது.

ஆயினும் இங்கும் ஒரு முரண்பாடு எழுந்தது. வெஸ்லியன் மிஷன், சேர்ச் மிஷன், அமெரிக்க மிஷன் ஆகிய மூன்றும் போட்டியைத் தவிர்க்கும் நன்னோக்குடன் குடாநாட்டைத் தம்முட் பகுத்துக்கொண்டன. நல்லூரான் ஒருவன் சேர்ச் மிஷனையும் உடுவிலான் ஒருவன் அமெரிக்க மிஷனையும் சார்ந்தமைக்கு அவர்தம் ஆராய்ச்சி காரணமன்று. பிறந்த ஊரே காரணமாயிற்று. சபை விசுவாசியைச் சோதித்தது. சபையைச் சோதித்துத் தெரியும் வாய்ப்பு விசுவாசிக்குக் கிட்டவில்லை.

இதனினும் பெரிய இடர் கல்வியின் வழி வந்தது. 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி உயர்ந்த கல்வியை இலவசமாக வழங்கிற்று. அக்கல்வி உத்தியோகத்துக்கும் வழிதிறந்தது. மாணவர் பலர் சபையிற் சேர்ந்தனர். அவர்களுட் சிலர் பின்னர் விலகினர். 1857 இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாய் விளங்கிய இருவரும் செமினரியிற் பயின்றவர்களே. அவர்களுள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை பிற்காலத்திற் சைவராய்த் தமிழுக்கு அரும்பணி ஆற்றினார். உலகப் பயன் கருதி மதம் மாறுவோரையும் அவரை மாற்றுவோரையும் ஆறுமுக நாவலர் கடுமையாகக் கண்டித்தார். வியக்கத்தக்க வகையில் மிஷனின் தலைமைப்பீடமும் ஏறத்தாழ இதே ஐயத்தையே கொண்டிருந்தது. றூபஸ் அண்டர்சன் தலைமையில் வந்த தூதுக்குழுவின் ஆலோசனையை அடுத்து 1855 இற் செமினரி மூடப்பட்டது. கல்வியுலகுக்கு அது பேரிழப்பு. எனினும் நம்பிக்கையையும் ஊதியத்தையும் ஒரே கயிற்றிற் கட்டியதன் தீமையை ஒரு சபை தானே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி என்றவகையில் அது குறிப்பிடத்தக்கது. சுதேசப் போதகரின் தலைமையில் இயங்கி, உறுப்பினரின் காணிக்கையால் தம்மைத் தாமே தாங்கும் ஊர்ச்சபைகளை அமைப்பதே அண்டர்சனின் கொள்கை. அத்தகைய சபையில் உறுப்பினன் போதகரை வினாவும் உரிமை பெற்றான். கணக்கைக் கேட்கும் தகுதியும் பெற்றான்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். அதிகாரமும் உறுப்பினர் தொகையும் உயர்ந்த கட்டடமும் சபையொன்றின் நம்பகத்தன்மைக்குச் சான்றாகா. சேர்ந்தால் வரும் இலாபத்தையோ, நீங்கினால் வரும் நட்டத்தையோ காட்டி ஆள் சேர்த்த சபைகள், அவ்விலாப நட்டங்கள் மாறியதும் தளர்ந்தன. விசுவாசியின் ஆபத்தைத் தானும் பகிர்ந்து, அவன் மொழியிற் பேசி, அவன் வினாவுக்கு விடையளித்து, பொறுப்பையும் அவனிடம் ஒப்படைத்த சபைகள் நிலைபெற்றன. புதுவிசுவாசிக்கு வழிகாட்ட விரும்புவோர் முதலில் அவனுக்கு அளிக்க வேண்டியது சபையின் முகவரியை அன்று. அச்சபையைச் சோதித்துப் பார்க்கும் சுதந்திரத்தையே. தோம்புகளாற் காக்க முடியாத சபையைச் சில்லாலையின் எளிய வீடுகள் காத்தமை அச்சுதந்திரத்தின் வலிமைக்குச் சான்றாகும்.