தீயை நிறுத்திய நடுச்சுவர்: அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களின் கதை



தீமிதிக்கு முன்னால் தொண்டூழியர்களுக்குப் பாதுகாப்பு விளக்கம் சொல்லும்போது, புதுசா சேர்ந்த பிள்ளைகள் வழக்கமா ஒரு கேள்வி கேட்பாங்க. "கோயிலைச் சுத்தி ஒட்டி ஒட்டி இவ்வளவு கடைவீடு இருக்கே, ஒண்ணுல தீப்பிடிச்சா வரிசையே போயிடாதா?" நல்ல கேள்விதான். ஒரு காலத்தில் இந்த ஊரில் அப்படி வரிசையாகப் போயிருக்கிறது. இன்றைக்கு அப்படிப் போகாமல் இருப்பதற்குப் பின்னால் 200 ஆண்டுக் கதை இருக்கிறது. நம் கோயிலைத் தொடங்கிவைத்தவரே அந்தக் கதைக்குள் வருகிறார். பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயில் என்றால் நாராயண பிள்ளை பெயர் நினைவுக்கு வராமல் இருக்காது. பினாங்கில் அரசாங்க வேலையில் இருந்தவர், 1819இல் ராஃபிள்ஸ் வந்த கப்பலிலேயே சிங்கப்பூருக்கு வந்தார். இங்கே கட்டடம் கட்ட ஆள் வேண்டும், செங்கல் வேண்டும் என்பதைப் பார்த்தார். தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை வைத்தார். பினாங்கிலிருந்து தச்சர்களையும் செங்கல் அறுக்கிறவர்களையும் வரவழைத்தார். சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டடக் குத்தகைக்காரர் என்று வரலாறு இவரைத்தான் சொல்கிறது.

பிறகு கிராஸ் ஸ்திரீட்டில் துணிக்கடை போட்டார். ஆங்கிலேய வணிகர்களிடம் கடனுக்குச் சரக்கு எடுத்து வியாபாரம் செய்தார். கடை நன்றாக வளர்ந்தது. 1822இல் தீ வந்தது. கடை போனது, சரக்கும் போனது, கடன் மட்டும் மிஞ்சியது. ஊருக்கே செங்கல் சுட்டுக் கொடுத்த மனுஷன் தீயில் எல்லாத்தையும் இழந்து நின்றார். கடன் கொடுத்தவர்கள் நெருக்க, ராஃபிள்ஸிடம் முறையிட்டு அவகாசம் வாங்கினார். இப்போது ராஃபிள்ஸ் பிளேஸ் என்று சொல்கிறோமே, அந்த இடத்தில் மறுபடி கடை வைத்து, கடனையும் அடைத்து எழுந்தார்.

அம்மனுக்கு இவர் கோயில் எழுப்பியது அதற்குப் பிறகு, 1827இல். முதலில் தெலுக் ஆயரில் இடம் கிடைத்ததாம். ஆனால் பூசைக்கு வேண்டிய நல்ல தண்ணீர் பக்கத்தில் இல்லாததால் அது சரிப்படவில்லை. கடைசியில் இன்றிருக்கும் இடம் அமைந்தது. முதல் கோயில் மரமும் அத்தாப்பும்தான். 1843இல்தான் செங்கல் கட்டடமானது. நெருப்போடு விளையாட முடியாது என்று அனுபவித்துத் தெரிந்த ஒருவர் தொடங்கிய கோயிலில், 1840களிலிருந்தே பக்தர்கள் பூக்குழி இறங்கி வருகிறார்கள் என்பதை நினைக்கும்போது எங்களுக்கு மெய்சிலிர்க்கும்.

சரி, கடைவீட்டுக்கு வருவோம்.

நாராயண பிள்ளையின் கடை எரிந்த அதே 1822இன் கடைசியில், ராஃபிள்ஸ் நகரத் திட்டக் குழுவுக்கு விதிகளை எழுதிக் கொடுத்தார். வீடுகள் செங்கல்லும் ஓடுமாக, ஒரே மாதிரி முகப்போடு வரிசையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் கூரை போட்ட நடைபாதை இருந்து, தெரு நெடுக ஒன்றோடொன்று தொடர வேண்டும் என்பது அதன் சாரம். நம்ம பெரியவங்க "அஞ்சடி" என்று சொல்வது அந்த நடைபாதையைத்தான். மழை வெயிலுக்கு ஒதுங்க மட்டும் அது என்று நினைக்கிறோம். தெருவுக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு திறந்த இடம் இருந்தால் தீ நேரத்தில் ஆள் வெளியே ஓடி வரலாம், உதவிக்கு வருகிறவர் உள்ளே போகலாம். அதனால்தான் அதை அடைக்கக் கூடாது.

விதி எழுதியாயிற்று, ஆனால் ஊர் ஒரே நாளில் மாறிவிடுமா? 1830 பிப்ரவரியில், சீனப் புத்தாண்டு நேரத்தில், பெரிய தீ. பிலிப் ஸ்திரீட்டும் மார்க்கெட் ஸ்திரீட்டும் எரிந்தன. பின்னாளில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த அதே மார்க்கெட் ஸ்திரீட்தான். ஊரில் அப்போது ஒரு தீயணைப்பு இயந்திரம்கூடக் கிடையாது. தீ நாள்கணக்கில் எரிந்தது. இதை நேரில் பார்த்த முன்ஷி அப்துல்லா, 'ஷாயிர் சிங்கப்பூரா தெர்பாக்கார்' என்று மலாயில் ஒரு நெடும்பாட்டே எழுதிவைத்தார். அரபு வம்சமும் தமிழ் வம்சமும் கலந்தவர் அவர், தமிழும் படித்தவர். இந்த ஊரின் முதல் பெரிய தீயைப் பற்றிய மலாய்ப் பாட்டைப் பாடியவர் உடம்பில் நம் இரத்தமும் ஓடியது என்பது பலருக்குத் தெரியாது.

அந்தக் காலத்தில் தீயை யார் அணைத்தார்கள்? தனியாக ஒரு படை இல்லை. போலீஸ்காரர்கள், சிப்பாய்கள், கப்பலிலிருந்து வந்த மாலுமிகள், இந்தியாவிலிருந்து நாடுகடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகள், இவர்கள்தான் ஓடினார்கள். ரோடு போட்டதும் காடு வெட்டியதும் கட்டடம் கட்டியதும் அந்தக் கைதிகள் என்று நாம் படித்திருக்கிறோம். தீக்கு முன்னால் நின்றதும் அவர்கள்தான். பெயர்கூட நமக்குத் தெரியாது. கும்பிட வேண்டியவர்கள்.

தண்ணீர்? கிணற்றிலிருந்து எடுக்க வேண்டும். சைனாடவுன் பக்கத்துக்குக் 'கிரேத்தா ஆயர்' என்று ஏன் பெயர் வந்தது தெரியுமா? மலாயில் தண்ணீர் வண்டி என்று அர்த்தம். மாட்டு வண்டியில் தண்ணீர் வந்த ஊர் இது. ஒரு தெரு எரியும்போது மாட்டு வண்டித் தண்ணீர் எந்த மூலைக்குக் காணும்! 1870களின் இறுதியில் நீர்த்தேக்கத் தண்ணீர் குழாய் வழியாக நகருக்குள் வந்த பிறகுதான் தீயணைப்பு என்ற சொல்லுக்கே ஒரு பலம் வந்தது.

1888இல் சிங்கப்பூர்த் தீயணைப்புப் படை உருவானது. அதே 1888இல் இன்னொரு சம்பவமும் நடந்தது. அஞ்சடியில் சாமான்களை அடுக்கி, கடை பரப்பி வழியை மறித்திருந்ததை நகராட்சி அகற்றப் போக, பெரிய கலவரமே வெடித்தது. 'வராந்தா கலவரம்' என்று வரலாற்றில் பெயர். வழியை அடைப்பதும், திறக்கச் சொன்னால் கோபப்படுவதும் இன்னைக்கு நேத்து வந்த பழக்கம் இல்லைங்க!

1909இல் ஹில் ஸ்திரீட் மத்திய தீயணைப்பு நிலையம் திறக்கப்பட்டது. சிவப்பும் வெள்ளையுமான அந்தக் கட்டடத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அதன் கோபுரம் சும்மா அழகுக்கு வைத்ததில்லை. அப்போது ஊரில் உயரமான கட்டடங்கள் குறைவு. மேலே ஒருவர் நின்று சுற்றிப் பார்த்துக்கொண்டே இருப்பார், எங்கே புகை எழும்புகிறது என்று. நனைந்த குழாய்களைத் தொங்கவிட்டுக் காயவைக்கவும் அந்தக் கோபுரம் உதவியது. குதிரை இழுத்த நீராவிப் பம்பு போய் மோட்டார் வண்டி வந்ததும் அந்தக் காலகட்டத்தில்தான்.

இப்போது முக்கியமான விஷயம். ஒட்டுக் கடைவீட்டில் தீ எப்படிப் பரவுகிறது, அணைப்பவர்கள் எப்படி மறிக்கிறார்கள்?

பகோடா ஸ்திரீட், டெம்பிள் ஸ்திரீட் இரண்டும் நம் கோயிலால் பெயர் பெற்றவை. அங்கே நின்று அண்ணாந்து பாருங்கள். ஒவ்வொரு இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தடித்த சுவர், இரண்டு வீட்டுக்கும் பொது. வீட்டின் மாடித் தளத்தைத் தாங்கும் மர உத்தரங்கள் இந்தச் சுவரில்தான் போய் உட்காரும். தளம் மரம், படிக்கட்டு மரம், கூரைச் சட்டம் மரம். உள்ளே எரிவதற்கு எல்லாமே இருக்கிறது. நடுவில் வெளிச்சத்துக்காக விட்ட முற்றம் தீ நேரத்தில் புகைபோக்கி மாதிரி வேலை செய்து தீயை மேலே இழுக்கும். முன்பெல்லாம் ஒரே வீட்டைப் பலகை போட்டுத் தடுத்துத் தடுத்து, அறைக்கு ஒரு குடும்பம் என்று இருந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டில் தீ எழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டைக் காப்பாற்றுவது நடுச்சுவர் ஒன்றுதான். செங்கல் ஏற்கெனவே சூளை நெருப்பில் வெந்து வந்த பொருள், அவ்வளவு சீக்கிரம் அசராது. ஆனால் சுவருக்கும் பலவீனம் உண்டு. சுவர் கூரை வரைக்கும் முழுசாகப் போகாமல் நடுவில் நின்றுவிட்டால், தீ ஓட்டுக்குக் கீழே இருக்கும் இடைவெளியில் நுழைந்து அடுத்த வீட்டுக் கூரைக்குத் தாவும். கீழே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. உத்தரம் செருகிய பொந்து, பின்னால் யாரோ குழாய்க்காகவும் ஒயருக்காகவும் போட்ட ஓட்டை, இவையெல்லாம் தீக்கு வழி.

அதனால்தான் அனுபவமுள்ள தீயணைப்பாளர்கள் எரிகிற வீட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். முதலில் உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். கூடவே ஒரு குழு இடப்பக்க வீட்டுக்குள்ளும் இன்னொரு குழு வலப்பக்க வீட்டுக்குள்ளும் போகும். சுவர் சூடேறுகிறதா என்று பார்ப்பார்கள். உள்கூரையைத் திறந்து மேலே புகை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எரியாத வீட்டில் ஏன் தண்ணீர் அடிக்கிறார்கள், ஏன் கூரையைப் பிரிக்கிறார்கள் என்று வேடிக்கை பார்ப்பவர்கள் சத்தம் போடுவதுண்டு. தீயை இரண்டு பக்கமும் அடைத்துவிட்டால் அது ஒரு வீட்டோடு நிற்கும். பின்னால் போய்த் துரத்தினால் வரிசையே போகும். பின்சந்து வழியாகவும் போவார்கள். 1907இல் டாக்டர் சிம்சன் கொடுத்த சுகாதார அறிக்கைக்குப் பிறகுதான் முதுகோடு முதுகு ஒட்டியிருந்த வீடுகளுக்கு நடுவில் பின்சந்துகள் திறக்கத் தொடங்கினார்கள். காற்றுக்கும் துப்புரவுக்கும் என்று வந்த சந்து, தீயணைப்பாளருக்கும் வாசலானது.

நடுச்சுவர் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதைப் புக்கிட் ஹோ சுவீ காட்டியது. 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள். அத்தாப்பும் பலகையுமான வீடுகள் நெருக்கி நெருக்கி இருந்த கம்பம். காற்றோடு தீப்பொறி கூரைக்குக் கூரை பறந்தது. தீயணைப்பு வண்டிகள் வந்தன, ஆனால் நுழைய வழி இல்லை, கூட்டம் வேறு, தண்ணீர் அழுத்தமும் போதவில்லை. 4 பேர் இறந்தார்கள், சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். வீரத்துக்கு அங்கே குறைவில்லை. வீரர் நிற்க ஒரு சுவரும், போக ஒரு வழியும் இல்லை.

மலேசியா அன்பர்களுக்கும் இதே கதை உண்டு. 1881 ஜனவரியில் கோலாலம்பூர் எரிந்தது. மரமும் அத்தாப்புமாக இருந்த ஊர் அது. அதன் பிறகு ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், செங்கல்லும் ஓடுமாகக் கட்டச் சொன்னார். அதற்குச் செங்கல் சுட்ட இடம்தான் நம்மவர்கள் நிறைந்திருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ். பெயரிலேயே செங்கல் இருக்கிறது பாருங்கள்.

ஆக, எங்களுக்குத் தோன்றுவது இதுதான். தீயணைப்பாளர் வந்து சேரும்போது பாதிச் சண்டை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. சுவர் சரியாக இருந்தால், வழி திறந்திருந்தால், அவர்கள் ஜெயிப்பார்கள். இல்லையென்றால் எவ்வளவு தைரியம் இருந்தாலும் தோற்பார்கள். சுவரைக் கட்டியவர்கள் போய்விட்டார்கள். காப்பாற்றுவது நம் பொறுப்பு.

அதனால் அன்பர்களிடம் தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறோம்:

விழா நாளில் அஞ்சடியிலும் பின்சந்திலும் செருப்பு, ஸ்ட்ரோலர், அன்னதானச் சாமான் எதையும் குவிக்காதீர்கள். "அஞ்சு நிமிஷம்தான்" என்று தீயணைப்பு நீர்க்குழாய் முன்னால் வண்டியை நிறுத்தாதீர்கள். நாங்கள் எடுக்கச் சொன்னால் கோபப்படாதீர்கள், 1888ஐ மறுபடி வேண்டாம்!

வரிசை வீட்டில், தாமான் வீட்டில் குடியிருப்பவர்கள், வீட்டைப் புதுப்பிக்கும்போது கூரைக்குக் கீழே நடுச்சுவர் முழுசாகப் போகிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஓட்டை போட்டால் அடைக்கச் சொல்லுங்கள். பூசையறை விளக்கை எரியவிட்டு வெளியே கிளம்பாதீர்கள். திரைச்சீலைக்குப் பக்கத்தில் சூடம் வேண்டாம். நம் வீட்டுத் தீ நம் வீட்டோடு நிற்காது, சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் தூங்குகிறது. அவசரத்துக்கு சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999, பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

பூக்குழியில் இறங்குபவரை அம்மன் காக்கிறாள் என்பது நம் நம்பிக்கை. குழியைச் சுற்றித் தண்ணீரோடு நிற்பது நம் கடமை. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் இல்லை. கடை எரிந்தபின் மறுபடி எழுந்து கோயிலைத் தொடங்கிய நாராயண பிள்ளை முதல், இன்று மணி அடித்ததும் ஓடுகிற தீயணைப்பாளர்கள் வரை எல்லோரையும் இந்த ஆண்டு தீமிதியில் மனதார நினைத்துக்கொள்வோம்.

பயனுள்ளதாக இருந்தால் குடும்பக் குழுக்களில் பகிருங்கள்.

ஓம் சக்தி. அம்மன் துணை.