மிசுனா கடுகா?

விதைப் பாக்கெட்டில் 'ஜப்பானியக் கடுகுக்கீரை' என்று போட்டிருந்தாலும் மிசுனா கடுகு இல்லை, டர்னிப்பின் உடன்பிறப்பு. கியோட்டோவின் பழைய கீரை. பாத்திகளுக்கு நடுவே தண்ணீர் பாய்ச்சி வளர்த்ததால் 'நீர்க்கீரை' என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள்.

இந்தக் குடும்ப உறவைத் தெளிவாக்கியவர் யு நாகஹாரு. டோக்கியோவில் பிறந்தவர், அப்பா கொரியர், அம்மா ஜப்பானியர். அவருடைய 1935 கட்டுரை சொல்வது எளிய கூட்டல் கணக்கு: டர்னிப் இனத்துக்கு 10 ஜோடி குரோமோசோம், கருங்கடுகு இனத்துக்கு 8. இரண்டும் கலந்து பிறந்தது 18 ஜோடி உள்ள இனம். ஜப்பானின் தகானா கீரையும் நம்ம தாளிப்புக் கடுகும் அதுதான். வேற வேற இனம் கலந்தும் புது இனம் பிறக்கும் என்று இந்தக் கணக்கு காட்டியதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

தோட்டத்துக்கு இதனால் என்ன? மிசுனா, டர்னிப், சீன முட்டைக்கோஸ் மூணும் ஒரே இனம். பக்கத்துல பக்கத்துல பூத்தா தேனீக்கள் கலந்துவிடும். அந்த விதையில் மிசுனா மிசுனாவா வராது. விதை எடுக்கணும்னா ஒன்றை மட்டும் பூக்க விடுங்க.