மான் வேட்டைக்கு மரப் பரண்: எங்கே வைப்பது, எந்த மரத்தில் வைப்பது

ஒக்ரோபர் பிறந்தால் ஒன்ராறியோவில் எம்மவர் வீடுகள் சிலவற்றில் இப்போது ஒரு புதிய பேச்சு கேட்கிறது. வேட்டைக் கல்விப் பயிற்சியை முடித்து, அவுட்டோர்ஸ் கார்ட்டும் மான் உரிமமும் எடுத்துக்கொண்ட எமது இளைஞர்கள் வில்லோடு காட்டுக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்கள். வீட்டிலிருக்கும் பெற்றோருக்கு இது அவ்வளவாகப் பிடித்த விடயமல்ல. துவக்கு, காடு, இருட்டு என்ற சொற்கள் அவர்களுக்கு வேறு நினைவுகளைக் கொண்டுவருபவை. அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "மரத்தில ஏறி நிண்டு என்ன செய்யிறாங்கள், விழமாட்டாங்களோ?"

விழுகிறார்கள் என்பதுதான் உண்மை. வட அமெரிக்காவில் மான் வேட்டைக்காரருக்கு நேரும் பாரிய காயங்களில் பெரும் பங்கு துவக்கினால் வருவதல்ல, மரத்திலிருந்து விழுவதால் வருவது. எனவே, மானுக்காகப் பரணை எங்கே வைப்பது என்பதையும், ஏறியவர் பத்திரமாக இறங்குவதற்கு எந்த மரத்தில் எப்படி வைப்பது என்பதையும் இங்கே சேர்த்தே எழுதுகிறோம்.

பரண் எமக்குப் புதிய சொல்லல்ல. வன்னியில் பன்றிக்கும் யானைக்கும் பயிர் காத்தவர்கள் பரணில் இரவிரவாக விழித்திருந்தவர்கள். இங்கே ட்ரீ ஸ்ராண்ட் என்று கடைகளில் விற்பது அதே பரண்தான். தடிக்கும் கயிற்றுக்கும் பதிலாக இரும்பும் நைலோன் பட்டியும். ஒரு வேறுபாடு முக்கியமானது. இங்கே இரவு வேட்டை சட்டவிரோதம். சூரிய உதயத்திற்கு அரை மணி நேரம் முன்பிருந்து, மறைந்து அரை மணி நேரம் வரைதான் அனுமதி. நல்லவேளையாக மான் அதிகம் நடமாடுவதும் அந்த விடியல், அந்திப் பொழுதுகளில்தான்.

மானும் வேறு. எமக்குத் தெரிந்த புள்ளிமான் கூட்டமாக வெளியில் மேயும். தெற்கு ஒன்ராறியோவின் வெண்வால் மானுக்குக் குட்டியில் மட்டுமே புள்ளி. பகலில் அடர்ந்த மறைவில் படுத்திருந்து, பொழுது சாயும்போது ஒன்றிரண்டாக எழுந்து வரும். பயந்தால் வாலைத் தூக்கி அதன் வெள்ளை அடிப்புறத்தைக் காட்டிக்கொண்டு ஓடும். முதல் வருடம் நாம் கண்டதெல்லாம் அந்த வெள்ளைதான்.

காற்று

நாம் நான்கு பேர். பீற்றர்பறோவுக்கு அண்மையில் ஒரு விவசாயியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, ஓகஸ்ட் மாதமே இடம் பார்க்கப் போனோம். பெரிய சோள வயல் ஒன்று. அதன் கிழக்கு ஓரத்தில் நிமிர்ந்த மேப்பிள் மரம். ஏறிப் பார்த்தால் வயல் முழுவதும் கண்ணுக்குள் விழுந்தது. இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும் என்று அங்கேயே பரணை நிறுத்தினோம். ஒக்ரோபரில் மூன்று கிழமை தொடர்ந்து மாலை மாலையாக இருந்தோம். முதுகுப் பக்கமிருந்து மான் மூச்சைச் சீறும் சத்தம் கேட்கும். திரும்பினால் வால்தான் தெரியும்.

எம்மில் மூத்தவர் வன்னிக்காரர். வேலை காரணமாக நான்காவது கிழமைதான் முதன்முதலில் வந்தார். மரத்தடியில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "தம்பியவை, காத்து எங்கால வருது எண்டு பாத்தனீங்களோ?"

பார்க்கவில்லை. எமக்குக் கிழக்கே சீடர் மரங்கள் அடர்ந்த சதுப்பு. மான்கள் பகலில் படுத்திருந்தது அதற்குள். தெற்கு ஒன்ராறியோவில் பெரும்பாலும் மேற்கு, தென்மேற்குப் பக்கமிருந்தே காற்று வீசும். இலையுதிர் காலத்தில் குளிர் இறங்கும்போது அது வடமேற்காகும். ஆக, நாம் பரணில் ஏறிய ஒவ்வொரு மாலையும் எமது வாடை நேரே அவற்றின் படுக்கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மானின் கண்ணையும் காதையும் ஏமாற்றலாம். மூக்கை ஏமாற்றுவது மிகக் கடினம். வாடை போக்கும் சோப்பு, தெளிப்பு என்று கடைகளில் விற்பவற்றுக்குக் காசு செலவழிக்கலாம், ஆனால் அவற்றை நம்பிக் காற்றுக்கு எதிரான இடத்தில் இருக்கவேண்டாம்.

விதி எளிது: மான் வரும் பக்கமிருந்து எம்மை நோக்கியோ, அல்லது குறுக்காகவோ காற்று வீசவேண்டும். எம்மைக் கடந்து போகும் காற்று மான் போகாத இடத்தில் போய் விழவேண்டும். அதனால் ஒரே பரணில் எல்லா நாளும் இருக்கமுடியாது. மேற்குக் காற்றுக்கு ஒன்று, கிழக்குக் காற்றுக்கு இன்னொன்று என இரண்டு இடங்களாவது தேவை. காற்று சரியில்லாத நாளில் அந்தப் பரணுக்குப் போகாமல் இருப்பதே வேட்டையில் பழகக் கடினமான பாடம். ஒரு கிழமையில் ஒரேயொரு லீவு நாள் உள்ளவர்களுக்கு இது எவ்வளவு கசப்பானது என்பது எமக்குத் தெரியும்.

காற்றைப் பார்க்கச் சிறு போத்தலில் பவுடர் கொண்டுபோவார்கள். அதைவிடச் சிறந்தது இங்கே வயலோரங்களில் முளைக்கும் மில்க்வீட் செடியின் பஞ்சு. எமது எருக்கலைக்கு உறவான செடி. காயைப் பிளந்தால் அதே பட்டுப் பஞ்சு. பரணிலிருந்து ஓர் இழையை விட்டால், மரங்களுக்கிடையே காற்று எங்கே சுழல்கிறது, எங்கே இறங்குகிறது என்று நூறு அடி தூரத்திற்கும் கண்ணால் பின்தொடரலாம்.

வானிலை அறிக்கை சொல்லாத ஒரு காற்றும் உண்டு. காலையில் வெயில் ஏற நிலம் சூடாகி, சரிவு வழியே காற்று மேலெழும். மாலையில் குளிர்ந்து பாரமாகி, தண்ணீர்போலப் பள்ளத்தை நோக்கி வழியும். பீற்றர்பறோப் பகுதி பனியாறு விட்டுச் சென்ற முட்டை வடிவக் குன்றுகள் நிறைந்த நிலம். அங்கே காற்றில்லாத அமைதியான மாலையில் குன்றின் சரிவில் இருந்தால், எமது வாடை கீழேயுள்ள சதுப்பில் போய்த் தேங்கும். சரிவுகளில் காலையில் மேலேயும் மாலையில் கீழேயும் இருக்கவேண்டும் என்று பழைய வேட்டைக்காரர் சொல்வது இதனால்தான்.

வழி

மான் எங்கே தின்கிறது என்பதைவிட, படுக்கும் இடத்திலிருந்து தின்னும் இடத்திற்கு எந்த வழியால் போகிறது என்பதே பரணுக்குப் பயன்படும். மான் எளிய வழியை விரும்பும், ஆனால் மறைவை விட்டு வெளியே வர விரும்பாது. அதனால் இரண்டு காட்டுத் துண்டுகளை இணைக்கும் ஒடுங்கிய மரவரிசை, வேலி சரிந்து தாழ்ந்த இடம், ஓடையைக் கடக்கும் துறை ஆகியவற்றில் வழிகள் ஒன்றுகூடும். மண்ணில் குளம்படி, பட்டை உரியக் கொம்பு தேய்த்த இளமரம், தாழ்ந்த கிளைக்குக் கீழே காலால் பறித்த மண் ஆகியவற்றைத் தேடவேண்டும். நவம்பர் நடுப்பகுதியில் இணைசேரும் காலம் உச்சத்திற்கு வரும்போது, ஆண் மான் பகலிலும் இந்த ஒடுங்கிய வழிகளால் அலையும்.

நாம் பரணைச் சோள வயலிலிருந்து வடக்கே நகர்த்தினோம். சீடர் சதுப்பையும் ஓக் மரங்கள் நின்ற மேட்டையும் இணைக்கும், ஐம்பது அடிகூட அகலமில்லாத மரவரிசை ஒன்று அங்கே இருந்தது. ஓக் விதை விழும் காலத்தில் மானுக்குச் சோளம் இரண்டாம்பட்சம். வழிக்குக் கிழக்கே, சுமார் 15 மீற்றர் தள்ளி இடம் எடுத்தோம். எமக்குப் பின்னால் குளம். மேற்குக் காற்று எமது வாடையைத் தண்ணீருக்கு மேலால் கொண்டுபோய்விடும்.

போகும் வழியும் வரும் வழியும் பரணைப்போலவே முக்கியம். விடியற்காலையில் மான் வயலில் நிற்கும். வயலைக் கடந்து நடந்தால் எல்லாம் கலைந்துவிடும். மாலையில் இறங்கும்போது அவை வயலுக்கு வந்திருக்கும். நாம் குளக்கரையைச் சுற்றி நடப்பதை வழக்கமாக்கினோம். பத்து நிமிடம் கூட, சப்பாத்து முழுவதும் சேறு.

மரம்

இனித்தான் நாம் அதிகம் பயப்படும் பகுதி. புதிய இடத்தில் நேரான, அடி பருத்த, கைக்கு அடக்கமான மரம் ஒன்றைத் தெரிவுசெய்து பட்டியும் கட்டத் தொடங்கியிருந்தோம். உழவு இயந்திரத்தில் வந்த நிலச் சொந்தக்காரர் இறங்கி வந்து, மரத்தைக் கையால் தட்டிக் காட்டினார். அது ஆஷ் மரம், அது செத்துவிட்டது என்றார்.

2002இல் வின்ட்சர் பகுதியில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட, ஆசியாவிலிருந்து வந்த மரகதப் பச்சை நிறமான வண்டு ஒன்று தெற்கு ஒன்ராறியோவின் ஆஷ் மரங்களை ஏறக்குறைய அழித்துவிட்டது. அதன் புழு பட்டைக்குக் கீழே வளைந்து வளைந்து தின்று, மரத்திற்கு நீரும் உணவும் போகும் வழியை அறுக்கிறது. செத்த ஆஷ் விரைவில் நொறுங்கும் தன்மை பெற்று, எச்சரிக்கை இல்லாமல் முறியும். ஒக்ரோபரில் இலை உதிர்ந்தபின் உயிருள்ள மரத்திற்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது, எமக்கும் தெரியவில்லை. அடையாளங்கள் உண்டு: பட்டையில் ஆங்கில டி எழுத்து வடிவிலான சிறு துளைகள், புழு தேடி மரங்கொத்தி கொத்திய, வெளிறிய திட்டுகள், எதிரெதிராக முளைக்கும் கிளைகள். சந்தேகம் இருந்தால் அந்த மரம் வேண்டாம். இலை இருக்கும் காலத்திலேயே மரத்தைத் தெரிவுசெய்வது இதனால் நல்லது.

எட்டு அடி தள்ளி ஒரு சீனி மேப்பிளில் பரண் ஏறியது. அதன் பின்னால் ஒரு வெள்ளைப் பைன். நவம்பரில் இலையெல்லாம் கொட்டியபின் வெறும் மரத்தில் இருப்பவர் வானத்துக்கு எதிரே கரும் உருவமாகத் தெரிவார். பைனின் பச்சை முதுகுக்குப் பின்னே இருந்தால் உருவம் அதில் கரைந்துவிடும்.

உயரம் 15 முதல் 20 அடி போதும். உயரப் போனால் மானின் கண்ணுக்குத் தப்பலாம் என்று சிலர் 30 அடி ஏறுகிறார்கள். அவ்வளவு செங்குத்தாகக் கீழே எய்யும் அம்பு இரண்டு நுரையீரலையும் கடப்பது அரிது. மான் காயத்தோடு ஓடி எங்கோ வதைபட்டுச் சாகும். விழுந்தால் மனிதனுக்கும் அந்தப் பத்து அடிதான் வித்தியாசம். வலக்கையால் எய்பவர், வழி தனது இடப்பக்கம் அமையும்படி இருக்கையைத் திருப்பவேண்டும். விடியற்காலையில் முகத்தில் வெயில் அடிக்கக்கூடாது.

ஏறுதல்

புதியவர்களுக்கு ஏணியோடு சேர்ந்த பரணையே சிபார்சு செய்கிறோம். நிறுத்துவதற்கு மூன்று பேர் வேண்டும். ஒருவராக முயலவே கூடாது. முழு உடலையும் தாங்கும் ஹார்னஸ் இல்லாமல் யாரும் ஏறக்கூடாது. இடுப்புப் பட்டி போதாது. மேலே போய் இருந்தபின் கொழுவினால் போதும் என்று நினைப்பதே தவறு. ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணியிலிருந்து தட்டுக்குக் கால் மாற்றும்போதும்தான் அதிகம் விழுகிறார்கள். ஆகவே மரத்தின் உச்சியில் கட்டி நிலம்வரை தொங்கும் உயிர்க்கயிறு ஒன்று வேண்டும். அதில் சறுக்கும் முடிச்சோடு நிலத்திலேயே கொழுவிக்கொண்டு ஏறவேண்டும். வில்லையோ, தோட்டா அகற்றிய துவக்கையோ கையில் கொண்டு ஏறாமல், மேலே போனபின் தனிக் கயிற்றால் இழுத்தெடுக்கவேண்டும்.

ஹார்னஸில் தொங்குவதும் ஆபத்துத்தான். தொடைப் பட்டிகள் இரத்த ஓட்டத்தை அழுத்தி, சில நிமிடங்களில் மயக்கம் வரலாம். காலை ஊன்றி எழும்பும் மீட்புப் பட்டியை ஹார்னஸின் பையிலேயே வைத்திருங்கள். கைத்தொலைபேசி கைக்கெட்டும் சட்டைப் பையில் இருக்கட்டும், கீழே தொங்கும் பையில் அல்ல. எந்த மரம், எத்தனை மணிக்கு இறக்கம் என்பதை வீட்டில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். எமது குழுவில் இது மனைவிமாரின் நிபந்தனை, நல்ல நிபந்தனை.

துவக்குக் காலத்தில் வில்லோடு போபவரும் செம்மஞ்சள் அணியவேண்டும்: இடுப்புக்கு மேல் குறைந்தது 400 சதுர அங்குலமும், அதே நிறத் தொப்பியும். மானின் கண்ணுக்கு அந்த நிறம் எடுபடாது. நீலந்தான் நன்றாகத் தெரியும், ஆகவே நீலக் காற்சட்டை வேண்டாம். வேலிக்கு அருகில் பரண் வைத்தால் அடிபட்ட மான் அயலவர் நிலத்தில் போய் விழலாம். அதை எடுக்கவும் அவரது அனுமதி வேண்டும். ஒன்ராறியோவில் மரத்தில் சிவப்புப் பூச்சு இருந்தால் உள்ளே போகக்கூடாது என்று பொருள்.

டிசெம்பரில் பனி உறையுமுன் பரணைக் கழற்றிவிடுகிறோம். விட்டுவைத்தால் மரம் பருத்துப் பட்டியை இறுக்கும், வெயில் நைலோனை உக்கச் செய்யும், அணில் கடிக்கும். கடந்த முறை கழற்றும்போது ஒரு பட்டியில் பாதி இழைகள் அறுந்திருந்தன. கீழே நின்று பார்த்தபோது அது புதிது போலத்தான் தெரிந்தது.