ரெய்க்யவிக் சதுரங்கப் போட்டிச் செலவுகள் (1972)

போரிஸ் ஸ்பாஸ்கிக்கும் பாபி ஃபிஷருக்கும் இடையிலான உலகப் பட்டப் போட்டி, 1972 ஜூலை முதல் செப்டம்பர் வரை ஐஸ்லாந்துத் தலைநகரில் நடைபெற்றது. முதல் பாதியை பெல்கிரேடிலும் மறுபாதியை ரெய்க்யவிக்கிலும் நடத்துவதாகவே ஏற்பாடு. ஃபிஷரின் பண நிபந்தனைகளால் பெல்கிரேட் விலகியதும், சுமார் 2 லட்சம் மக்களே கொண்ட நாட்டின் சதுரங்கக் கூட்டமைப்பு முழுப் பொறுப்பையும் ஏற்றது. துணிச்சலான முடிவுதான்.

பரிசுத்தொகை 1,25,000 டாலர். வென்றவருக்கு எட்டில் ஐந்து பங்கு, தோற்றவருக்கு மூன்று பங்கு. ஃபிஷர் அதற்கு மேல் நுழைவுச்சீட்டு வசூலில் 30 சதவீதம் கேட்டு, தொடக்க விழாவுக்கும் வராமல் இருந்தார். சீட்டு வசூலை நம்பியிருந்த அமைப்பாளர்களுக்கு அது கையைக் கடிக்கும் கோரிக்கை. லண்டன் முதலீட்டாளர் ஜிம் ஸ்லேட்டர் தம் பணத்தைத் தந்து பரிசை இரட்டிப்பாக்கிய பிறகே ஃபிஷர் விமானம் ஏறினார்.

படப்பிடிப்பு உரிமை மற்றொரு முக்கிய வருவாய் வழி. அதைப் பெற்றிருந்தவர் அமெரிக்கரான செஸ்டர் ஃபாக்ஸ். படப்பிடிப்புக் கருவிகளின் சத்தம் தொல்லை தருவதாகச் சொல்லி ஃபிஷர் இரண்டாம் ஆட்டத்துக்கு வரவில்லை. மூன்றாம் ஆட்டம் பார்வையாளர் இல்லாத பின்னறையில் நடந்தது. கருவிகள் அகற்றப்பட்டதால் படவருவாய்த் திட்டம் குலைந்தது. ஃபாக்ஸ் பின்னர் ஃபிஷர்மீது வழக்குத் தொடுத்தார். ஆனால், போட்டியின் நினைவுப் பதக்க விற்பனை அமைப்பாளர்களுக்குக் கைகொடுத்தது.