உதய தாரகை

1737இலேயே ஒல்லாந்தர் கொழும்பில் நூல் அச்சிட்டனர். ஆங்கிலேயர் 1802இல் அரசாங்க வர்த்தமானியைத் தொடங்கினர். 1832இல் தோன்றிய ‘கொழும்பு ஜேர்னல்’ ஈராண்டில் மறைந்தது. தமிழில் செய்தி படிக்கும் பேறு, தலைநகருக்கு முன்னரே யாழ்ப்பாணத்துக்குக் கிட்டிற்று. 1841 ஜனவரி 7ஆந் திகதி, அமெரிக்க மிஷன் சார்பில், தமிழும் ஆங்கிலமும் தாங்கி ‘உதய தாரகை’ வெளிவந்தது. ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். பெயர் கேட்டு வெள்ளையர் என எண்ணிவிடாதீர்கள். இருவரும் நம் தமிழரே! அவ்வேடு சைவத்தைக் கண்டித்தெழுதிற்று, சைவரும் வாளாவிருக்கவில்லை. 1849இல் ஆறுமுக நாவலர் சென்னை சென்று அச்சியந்திரம் கொணர்ந்து, வண்ணார்பண்ணையில் நிறுவினார். வாதம் அச்சேறியதால் தமிழ் உரைநடையும் உரம் பெற்றது. சிங்கள மொழியின் முதற் பத்திரிகையாகிய ‘லங்காலோகய’ காலியில் தோன்றியது 1860இல். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்றும் படிக்கப்பெறும் ‘வீரகேசரி’ கொழும்பில் பிறந்ததோ 1930இலேதான்.